கல்லடிப் பாலத்திலிருந்து உல்லை வரை: நிறுத்தி நிறுத்திப் போக வேண்டிய நமது வீதி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

விடுமுறை காலம் வந்தால் நமது பிரதான வீதியில் வெளியூர் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் கூடிவிடும். மட்டக்களப்பில் ஏறினால் அறுகம்பையில்தான் இறக்கம். நடுவில் பெட்ரோலுக்கு ஒரு நிறுத்தம், பிளேன்டீக்கு ஒரு நிறுத்தம். பிறகு யூடியூப்பில் "கிழக்கின் அழகான கரையோரப் பயணம்" என்று ஒரு வீடியோ வரும். அதில் நமது நிந்தவூருக்குக் கிடைப்பது ஐந்து விநாடி. ஒரு பள்ளிவாசல் மினாரா, ஒரு சந்தி, அவ்வளவுதான். வெளியூர்க்காரரைச் சொல்லிப் பயனில்லை. நமது பிள்ளைகளும் அப்படித்தான் போய் வருகிறார்கள்.

ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதே வீதியில் வரலாற்றுப் பாட மாணவர்களை ஒரு நாள் பஸ்ஸில் அழைத்துப் போகத் திட்டம் போட்டோம். எங்கெங்கே நிறுத்துவது என்று பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இந்த வீதியின் வரலாறே நின்ற இடங்களின் வரலாறுதான். யார் யார் எங்கே நின்றார்கள், எங்கே நிற்கப் பயந்தார்கள், எங்கே நிற்பதை மறந்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போனால் நானூறு வருடக் கதை வந்துவிடுகிறது.

முதலில் வீதியைப் பற்றி. ஏ-4 என்பது கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பெரகல, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பிக் கரையோரமாக மட்டக்களப்பு வரை வருகிற வீதி. பொத்துவிலுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. நாங்கள் சொல்வது இந்தத் துண்டைத்தான்.

கரையோர வீதி என்கிறோம், ஆனால் பெரும்பாலான இடங்களில் கடல் கண்ணுக்குத் தெரியாது. கலிபோர்னியாவின் பசிபிக் கரை வீதியில் மலை நேரே கடலில் விழுவதால் வளைவுக்கு வளைவு கடல் தெரியும் என்பார்கள். நமது வீதி வேறு வகை. கிழக்கே கடல், மேற்கே வாவி அல்லது வயல், நடுவில் நீளமான மணல் மேடு. மாரியில் வெள்ளம் ஏறாத இடம் அந்த மேடுதான். அந்த மணலில் கிணறு வெட்டினால், உப்பு நீருக்கு மேலே தங்கி நிற்கிற மழை நீர் நல்ல தண்ணீராகக் கிடைக்கும். அதனால் ஊர்கள் அதன் மேல் அமர்ந்தன. ஊர்களைக் கோத்துக்கொண்டு பாதை போனது. பார்வைக்காகப் போட்ட வீதியல்ல, தண்ணீருக்கும் தங்குவதற்கும் போட்ட வீதி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இறங்கி, ஒரு கடற்கரை வீதியால் கிழக்கே நடக்க வேண்டும். இறங்காதவனுக்கு இந்த வீதி எதையும் காட்டாது.

இந்தக் கரைக்கு முஸ்லிம்கள் எப்போது வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வணிகத்துக்காக வந்து தங்கியவர்கள் முன்பிருந்தே இருந்தார்கள். 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸின் குறிப்பு. நமது ஆட்கள் வயல் செய்தார்கள், மீன் பிடித்தார்கள், அத்துடன் தவளம் நடத்தினார்கள். தவளம் என்றால் பொதி மாட்டுக் கூட்டம். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஊவா மலைப் பக்கம் போகும், அங்கிருந்து பாக்கும் மற்றப் பொருட்களும் இறங்கி வரும். லொறி வரும் முன்னர் இந்த நாட்டின் மலையையும் கரையையும் இணைத்தவற்றில் அந்த மாடுகளும் உண்டு. பாடப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி போதாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

பயணத்தைக் கல்லடியில் தொடங்குவோம். 1924 இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்துக்கு அப்போதைய ஆளுநர் மனிங் அவர்களின் மனைவி பெயரை வைத்தார்கள். அதற்கு முன்னர் வாவியைக் கடக்கத் தோணியும் பாதையும்தான். (நமது பக்கத்தில் 'பாதை' என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றி இழுத்துப் போகிற மிதவை. பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லே மறந்து வருகிறது.) 1928 இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது, ஆனால் தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே உள்ள நமது ஊர்களுக்கு ரயில் வரவே இல்லை. கொழும்புக்குப் போகிறவர் முதலில் இந்த வீதியால் மட்டக்களப்புக்குப் போய், ஒற்றை வழிப் பாலத்தில் எதிரே வருகிற வாகனம் முடியும்வரை காத்திருந்து, பிறகு ரயில் ஏற வேண்டும். புதிய பாலம் 2013 இல்தான் திறந்தது. பழைய பாலம் பக்கத்திலேயே நிற்கிறது, இறங்கி நடக்கலாம்.

பாலம் தாண்டியதும் சிவானந்த வித்தியாலயம், அதனருகே சுவாமி விபுலானந்தரின் சமாதி. அவரைப் பற்றிக் காரைதீவில் பேசுவோம். அதற்குக் கிழக்கே கடலுக்கடியில் ஹேர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 300 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த யுத்தம் கல்முனையை எப்படி மாற்றியது என்பதற்கு இந்த இடம் ஒரு முன்னுரை.

காத்தான்குடியில் வீதி நடுவே ஈச்சமரங்கள் நிற்கும், பிள்ளைகள் படம் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் மீரா ஜும்ஆப் பள்ளிக்கும் ஹுஸைனிய்யாப் பள்ளிக்கும் போய்த்தான் ஆக வேண்டும். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. சுவரில் குண்டு பட்ட இடங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே நாங்கள் விளக்கம் சொல்லப் போவதில்லை.

இனி வருகிற பெயர்களைக் கவனியுங்கள். ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம். இரண்டு மடங்கள். நமது ஊரில் மாட்டுப்பளைப் பக்கம் மடத்தடி மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, அதையும் சேர்த்தால் மூன்று. மடம் என்றால் வழிப்போக்கர் தங்குகிற இடம். தலையில் மூட்டையும் கையில் கம்புமாக நடந்து போனவன் வெயில் ஏறினால் ஒதுங்கி, கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடித்து, இருட்டினால் படுத்து, விடிந்தால் எழும்பிப் போகிற இடம். யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இந்தக் கரையால்தான் போனார்கள், இன்றும் ஆடிக்கு முன்னர் போகிறார்கள். திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை, குமண, யால என்று அவர்கள் வழி. நமது ஊர்களைத் தாண்டும்போது அவர்களுக்குத் தண்ணீரும் குளிர்பானமும் கொடுக்கிற நல்ல வழக்கம் நம்மவர் சிலரிடம் இருக்கிறது.

வீதியில் போகிறவனுக்கு மதம் பார்க்காமல் ஒதுங்க இடம் கொடுத்த காலத்தின் எச்சம்தான் அந்த 'மடம்' என்கிற பின்னொட்டு. அதனால்தான் குருக்கள்மடத்தில் நிறுத்துவது மனதுக்குக் கனமாக இருக்கிறது. 1990 ஜூலையில் இந்த இடத்தில் வாகனங்கள் மறிக்கப்பட்டன. மட்டக்களப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் இறக்கிக் கொண்டு போய்க் கொன்றார்கள். ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். இஹ்ராம் உடுத்திய உடம்பு ஊர் வந்து சேரவில்லை. புதைத்த இடத்தைத் தோண்டி ஜனாஸாக்களை முறைப்படி அடக்க வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டு வருகின்றன. அந்தக் கோரிக்கை இன்னும் ஓயவில்லை.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அதே 1990 ஜூனில் கல்முனையில் தமிழர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் காணாமல் போனார்கள். சில வாரங்களில் வீரமுனையில் கோயிலிலும் பாடசாலையிலும் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் நம் பக்கத்து ஊர்காவல் படையினர் மீதும் குற்றச்சாட்டு உண்டு. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்குகிற ஆசிரியர் வரலாறு படிப்பிக்கவில்லை, வழக்கு நடத்துகிறார்.

அந்த வருடங்களில் இந்த வீதி ஒரே வீதியாக இருக்கவில்லை. துண்டு துண்டாகிப் போனது. தமிழ் ஊர் ஒரு துண்டு, முஸ்லிம் ஊர் ஒரு துண்டு. கொழும்புக்குப் போகிறவர்கள் மட்டக்களப்புப் பக்கம் போகாமல் அம்பாறை வழியால் போனார்கள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டு போவதென்றால் யார் வாகனம், யார் சாரதி, எந்த நேரம் என்று பத்துப் பேரிடம் விசாரிக்க வேண்டும். இப்போது முப்பதுகளில் இருக்கிற எங்கள் தலைமுறை வளர்ந்ததே அந்த வீதியில்தான். "அந்த ஊரில் நிற்பாட்டாதே, நேரே போ" என்று உம்மாமார் சொன்னது காதில் ஊறிவிட்டது. யுத்தம் 2009 இல் முடிந்தது, கார்பெட் போட்டார்கள், சோதனைச் சாவடிகள் குறைந்தன. நிற்பாட்டாமல் போகிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அது இன்னும் இறுகியது.

ஓந்தாச்சிமடம் தாண்டினால் கல்லாறு. வாவியும் கடலும் நெருங்கி வருகிற இடம், இரண்டு பக்கமும் தண்ணீர். படம் எடுக்க விரும்புகிறவர் இங்கே எடுக்கட்டும், மாலை நான்கரைக்கு மேல் வெளிச்சம் நன்றாக இருக்கும். அடுத்து பெரியநீலாவணை, கவிஞர் நீலாவணனின் ஊர். அதை ஒட்டியே மருதமுனை, புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனின் ஊர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி தூரம். மருதமுனையின் கைத்தறிச் சத்தம் முன்பு வீதிக்குக் கேட்கும். இப்போது உள்ளே போனால்தான் கேட்கிறது. ஒரு சாரம் வாங்கிக்கொண்டு போங்கள், மலிவான வெளிநாட்டுச் சாரத்தைவிட இரண்டு மடங்கு நாள் உழைக்கும்.

கல்முனையில் இரண்டு விஷயம். முதலாவது 1942. ஜப்பான் குண்டு போட்டதும் நாட்டில் அரிசிப் பயம் வந்தது, பர்மா அரிசி நின்றது. நெல் விளைகிற இந்தப் பகுதியில் உணவு உற்பத்தியைக் கூட்டுவதற்காக அரசாங்கம் கல்முனையில் ஒரு அவசரக் கச்சேரியைத் திறந்து, ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை உதவி அரசாங்க அதிபராக அனுப்பியது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். நெல்லைக் கூட்ட வந்தவர், வயலுக்குப் பக்கத்தில் பாடசாலைக்குப் போகாமல் நின்ற பிள்ளைகளைக் கண்டார். அதே 1942 இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் வந்தது. அந்த நிதியால் படித்தவர்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர். காரைதீவுக்கு விபுலானந்த அடிகள் வரும்போது அஸீஸ் போய்ச் சந்தித்துப் பேசுவார். இருவருக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. கச்சேரி அதிகாரியும் துறவியும் தமிழையும் கல்வியையும் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நிறுத்திப் பேசுகிற வீதியாக அன்று இது இருந்தது.

இரண்டாவது கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் இங்கே சுமார் இரு நூறு வருடமாகக் கொடியேற்றம் நடக்கிறது. அதை ஏற்போரும் ஏற்காதோரும் நம்மிடையே உண்டு. அந்த வாதத்துக்கு இந்தப் பதிவு வரவில்லை. தமிழ்நாட்டு நாகூருக்கும் நமது கரைக்கும் பாய்க்கப்பல் போய் வந்த காலத்தின் சுவடு அது என்பது வரலாற்று மாணவனுக்குப் போதும். பள்ளி வாசலில் நின்றால் இந்தப் பயணத்தில் முதல் தடவையாகக் கடல் முழுதாகத் தெரியும்.

அந்தக் கடல்தான் 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை எழும்பி வந்தது. இலங்கையிலேயே கூடுதலான உயிரிழப்பு நமது அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் வரை கடற்கரையை ஒட்டிய வளவுகள் துடைத்தெறியப்பட்டன. ஏன் இவ்வளவு பேர்? இதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. நமது வழக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவார். வாப்பா உம்மா தங்கள் வளவைப் பிரித்துப் பிரித்து மகளுக்கும் மகளின் மகளுக்கும் வீடு கட்டுவார்கள். ஊர் வெளியே பரவாது, உள்ளேயே நெருங்கும். மேற்கே வயல், அதை விட மனம் வராது. மிச்சம் கிழக்கே கடற்கரைதான். இதே தாய்வழி வழக்கமும் குடி முறையும் தமிழ் ஊர்களிலும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 இலிருந்து அக்கரைப்பற்றில் வந்து தங்கி இதைத்தான் ஆராய்ந்தார். அவருடைய பெரிய புத்தகம் 2008 இல் வெளிவந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கிப் பார்த்ததை நாம் பஸ்ஸில் இருந்தபடியே தாண்டிவிட்டோம்.

காரைதீவு. விபுலானந்தர் 1892 இல் மயில்வாகனம் என்ற பெயரோடு பிறந்த ஊர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழரின் யாழைக் கணக்கும் இசையுமாக ஆராய்ந்து 'யாழ்நூல்' எழுதி, அது அரங்கேறிய 1947 இலேயே காலமானார். நிந்தவூரிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர். நமது மாணவர்களில் எத்தனை பேர் அவர் மணிமண்டபத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டோம். கை தூக்கியவர்கள் மிகச் சிலர். 1985 ஏப்ரலில் காரைதீவில் நடந்த தமிழ் முஸ்லிம் கலவரம் அந்த நாலு கிலோமீட்டரை நானூறு ஆக்கிவிட்டது. காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளித் தாம்போதி. 2024 நவம்பர் 26 மழை வெள்ளத்தில் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது அந்த இடத்தில்தான். அந்தக் குடும்பங்கள் நம்மோடு இருக்கின்றன, அதனால் அதிகம் எழுதவில்லை. அல்லாஹ் அவர்களுக்குப் பொறுமையைக் கொடுப்பானாக. அந்தச் சமயத்தில் வெள்ளத்தில் இறங்கித் தேடியவர்கள் எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் பார்க்கவில்லை.

நமது ஊருக்கு வருகிறோம். மட்டக்களப்புப் பிரதேசம் முன்பு பற்றுகளாகப் பிரிந்திருந்தது. கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று போல நிந்தவூரும் ஒரு பற்று. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிந்தது. தனி உரித்தான காணி என்ற பொருள் தரும் 'நிந்தம்' என்ற சொல்லோடு ஊர்ப் பெயரைப் பொருத்திச் சொல்வோர் உண்டு. மடத்தடியில் பிள்ளைகளை இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: முஸ்லிம் ஊர் என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் மடம் எப்படி வந்தது? பதிலை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அட்டப்பள்ளம் தாண்டிக் களியோடைப் பாலம். கல்லோயா நீர் கடலுக்கு வருகிற வழிகளில் ஒன்று. பாலத்துக்கு அப்பால் ஒலுவில். ஒரு பக்கம் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சி. நமது பிள்ளைகள் பட்டம் எடுக்க ஊரை விட்டே போக வேண்டிய நிலை அதனால் மாறியது.

மறு பக்கம் துறைமுகம். இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது முடிந்துபோன வரலாறு அல்ல. டென்மார்க் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறந்து வைத்தார்கள். வேலை வரும், கப்பல் வரும் என்று நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் நமது கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகிறது. துறைமுகத்தின் கல்லணைகள் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் ஓட்டம் மறிபட்டது. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது, துறைமுக வாயே மணலால் அடைபட்டது, படகு உள்ளே வர முடியாமல் மீனவர்கள் தவித்தார்கள். வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. வராத மணலுக்கு ஈடாகக் கடல் கரையை எடுத்தது. ஒலுவிலில் தென்னந்தோட்டங்கள் போயின. கல் போட்டு அந்த இடத்தை அடைத்தால், கல் முடிகிற இடத்திலிருந்து அரிப்பு இன்னும் வடக்கே நகரும். வடக்கே இருப்பது நிந்தவூர்.

நமது கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். தோணி ஏற்றி வைக்கவும் கரைவலை இழுக்கவும் முன்பு இருந்த அகலம் இன்று இல்லை. கரைவலைக்கு மணல் வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கி நடந்து இழுக்கிற வேலை அது. பின்னோக்கி நடக்கக் கரை இல்லையென்றால் அந்தத் தொழிலே இல்லை. வாடிகள் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து இனி நகர இடமில்லாத நிலை. 2004 இல் கடல் ஒரு காலையில் செய்ததை இப்போது வருடக் கணக்கில் மெதுவாகச் செய்கிறது. மெதுவாக நடப்பதால் செய்தியில் வருவதில்லை. வந்தாலும் ஒரு அமைச்சரின் வருகையோடு முடிகிறது. மாணவர்கள் ஒரு அளவு நாடாவோடு போய், நிலையான ஒரு கட்டடத்திலிருந்து கரை விளிம்பு வரை அளந்து, திகதி போட்டுக் கொப்பியில் எழுத வேண்டும் என்று நினைக்கிறோம். அடுத்த வருடம் வருகிற வகுப்பு அதே இடத்தில் அளக்கும்.

பாலமுனை, அட்டாளைச்சேனை. அட்டாளை என்றால் காவல் பரண், சேனையை யானை அழிக்காமல் பார்க்க மேலே ஏறி இருப்பது. எங்களில் பலரை ஆசிரியராக்கிய கல்லூரி இங்கேதான் இருக்கிறது, அதனால் தேநீர் நிறுத்தமும் இங்கேதான். அக்கரைப்பற்றில் எருமைத் தயிர் சட்டி வாங்கலாம், பகல் சாப்பாடும் அங்கே.

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே வீதியின் குணம் மாறும். தம்பிலுவில், திருக்கோவில். கடலைப் பார்த்தபடி சித்திர வேலாயுத சுவாமி கோயில், ஆடி அமாவாசைக்குக் கரை நிறைந்துவிடும். 1990 ஜூனில் கல்முனை, மட்டக்களப்புப் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொண்டு போய்ச் சுடப்பட்டது இந்தப் பக்கத்து ரூபஸ் குளக் காட்டில். சிங்களவரும் முஸ்லிம்களுமான அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் இந்தக் கரையே அல்ல. அவர்களின் தாய்மாரும் ஒரு நாள் இந்த வீதியைத் தேடி வந்திருப்பார்கள்.

பிறகு ஊர்கள் ஐதாகும், பற்றைக் காடு, யானை வேலி, இடையிடையே வெறும் கடல். சங்கமன்கண்டி. இலங்கையின் கிழக்கு ஓரம் என்று வரைபடத்தில் காட்டுகிற முனை இதுதான், இந்த நாட்டில் சூரியனை முதலில் காண்கிற கரை. நமது மாவட்டத்தில் இருந்தும் பாடத்தில் படித்ததோடு விட்டுவிடுகிறோம். கோமாரி தாண்டிப் பொத்துவில்.

பொத்துவிலுக்குத் தெற்கே பாலம் கடந்தால் உலகம் 'அறுகம்பே' என்று சொல்கிற இடம். நமக்கு அது உல்லை. சுனாமியில் உடைந்த பாலத்துக்குப் பதிலாக அமெரிக்க உதவியோடு புதுப் பாலம் கட்டினார்கள். அலைச்சறுக்குக்காரர்கள் மே முதல் செப்டெம்பர் வரை நிறைந்திருப்பார்கள். உல்லை மீனவர்களின் தோணிகள் நிற்கிற கரைக்கும் ஹோட்டல் கதிரைகள் நிற்கிற கரைக்கும் இடையில் ஒவ்வொரு வருடமும் இழுபறி. பெயர்ப் பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில். உல்லை என்று ஒரு பலகையாவது இருக்கிறதா என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

பயணம் ஜூன் கடைசியில், கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் வருகிற நாட்களோடு சேர்ந்து வரும்படி வைக்க உத்தேசம். நவம்பர், டிசம்பரில் களியோடையும் கல்லாறும் நம்பத் தகுந்தவையல்ல. பெண் பிள்ளைகளுக்குத் தனி பஸ்ஸும் ஆசிரியைகளும் ஏற்பாடாகி வருகிறது, பெற்றோர் கவலைப்பட வேண்டாம். காரைதீவில் ஒரு பாடசாலை ஆசிரியர்களோடு பேசியிருக்கிறோம். அவர்கள் மாணவர்களும் ஒரு பஸ்ஸில் சேர விரும்புகிறார்கள். முதல் நிறுத்தம் அவர்களுக்குக் காத்தான்குடி, நமக்கு விபுலானந்தர் சமாதி. குருக்கள்மடத்தில் இரண்டு பஸ்ஸும் சேர்ந்து நிற்கும்.

ஊரில் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1978 நவம்பர் சூறாவளிக்கு முந்திய நிந்தவூர்க் கடற்கரையின் படம், பழைய களியோடைப் பாலத்தின் படம், தவளமோ மாட்டு வண்டியோ வைத்திருந்த குடும்பத்தின் உறுதி, கணக்குக் கொப்பி, பழைய பஸ் டிக்கெட், எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். படத்தில் கரை எந்த மரம் வரை இருந்தது என்று தெரிந்தால் அதுவே போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பிரதி எடுத்துக்கொண்டு, அசலை அங்கேயே உங்கள் கையில் தந்துவிடுவோம்.